தேராது தெளிதல்: தமிழ்ச் சிறுகதைகளில் முன்முடிவும் மெய்ந்நிலைத் திரிபும்

ஆய்வுச் சுருக்கம்

சிறுகதை மாந்தர்கள் தம்மிடம் முன்னரே அமைந்துவிட்ட முடிவுகளின் வழியாக உலகைக் காணும்போது, காணப்படும் பொருள் எவ்வாறு திரிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மணிமேகலை கூறும் அளவைக் குற்றங்களுள் ஐந்து ஆய்வுச் சட்டகமாகக் கொள்ளப்படுகின்றன. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’, கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’, புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’, ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’, அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’, பி. எஸ். ராமையாவின் ‘நட்சத்திரக் குழந்தைகள்’ ஆகிய ஆறு கதைகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒரு பார்வை எவ்வளவு தவறானது என்பதைக் காட்டிலும், அத்தவறுக்கான விலையை யார் செலுத்துகிறார் என்பதே இக்கதைகளின் மையக் கேள்வி என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: முன்முடிவு, மெய்ந்நிலைத் திரிபு, அளவைக் குற்றங்கள், மணிமேகலை, தமிழ்ச் சிறுகதை, கதைசொல்லி.

முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள அய்யலூரை அடுத்த மலைக்காடுகள் தேவாங்குகளின் வாழிடமாகும். மெலிந்த உடலும் பெரிய கண்களும் கொண்ட இச்சிறு விலங்கு இரவில் இரை தேடுவது. பூச்சிகளை உண்பதால் உழவருக்கும் நன்மை செய்வது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பிலான காடு 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘தேவாங்கு’ என்பது நெடுங்காலமாக ஒரு வசைச்சொல். ஒருவரின் மெலிந்த தோற்றத்தையோ விழிக்கும் விதத்தையோ பழிக்க அச்சொல் பயன்படுகிறது. அதைச் சொல்பவருள் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையும் தேவாங்கைக் கண்டவரல்லர். இங்கே கண் பார்ப்பதற்கு முன்பே சொல் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. பின்னர் அவ்விலங்கை நேரில் காண நேர்ந்தாலும் அச்சொல்லின் வழியாகவே அது காணப்படும்.

பார்வைக்கு முந்திய இத்தகைய தீர்ப்பையே இக்கட்டுரை ‘முன்முடிவு’ எனக் குறிக்கிறது. சாதி, நிறம், வறுமை, கற்பு, நல்லூழ், தீயூழ் என எத்தனையோ வடிவங்களில் அது சமூகத்தில் நிலைபெற்றுள்ளது. நாவலைப் போல விரிந்த காலமும் களமும் சிறுகதைக்கு இல்லை. ஒரு சந்திப்பு, ஒரு பொருள், ஒரு மாலைப்பொழுது என்னும் சிறு எல்லைக்குள் அது இயங்குகிறது. அதனால் முதற்பார்வை, உடனடித் தீர்ப்பு ஆகியவற்றை ஆராய்வதற்கு அது மிகப் பொருத்தமான வடிவமாகிறது. ஒரு மாந்தர் மற்றொருவரை எவ்வாறு ‘காண்கிறார்’ என்பதே பல தமிழ்ச் சிறுகதைகளின் முழு நிகழ்வாகவும் அமைந்துவிடுகிறது.

ஆய்வுச் சட்டகம்

மனிதச் சிந்தனையின் சாய்வுகள் பற்றிய ஆய்வு மேலைநாடுகளில் நீண்ட வரலாறுடையது. பிரான்சிஸ் பேக்கன் 1620இல் வெளியிட்ட தம் நூலில், அறிவை மறைக்கும் நால்வகைப் பொய்யுருக்களை விளக்கினார். எட்வர்ட் தார்ன்டைக் 1920இல், ஒருவரின் ஒரு பண்பைப் பற்றிய எண்ணம் அவருடைய ஏனைய பண்புகளை மதிப்பிடுவதிலும் படிவதைச் சுட்டிக்காட்டினார். பீட்டர் வேசன் 1960இல் நடத்திய எண்வரிசைச் சோதனை, மக்கள் தம் ஊகத்தை மறுக்கும் சான்றைத் தேடுவதைவிட அதை உறுதிசெய்யும் சான்றையே பெரிதும் தேடுகின்றனர் என்பதைக் காட்டியது.

தமிழ் மரபிலும் இவ்வாராய்ச்சிக்குரிய கருவிகள் உள்ளன. திருக்குறளில் மெய்யுணர்தல் அதிகாரத்தின் 355ஆம் குறளும் அறிவுடைமை அதிகாரத்தின் 423ஆம் குறளும் ஒரே முடிவைக் கொண்டவை. முன்னது தோற்றத்தையும் பின்னது சொல்பவரையும் கடந்து மெய்ப்பொருளைக் காண வேண்டும் என்கிறது. கண்ணின் சாய்வு, செவியின் சாய்வு என்னும் இரண்டையும் வள்ளுவர் தனித்தனியே எண்ணியுள்ளார் என்பது இதனால் புலப்படும்.

மணிமேகலையின் 27ஆம் காதையான ‘சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதை’ இன்னும் நுட்பமான பகுப்பைத் தருகிறது. அங்கே அளவைவாதி, அறிதலில் நேரும் குற்றங்களை எட்டாக வகுக்கிறான். அவை சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன. கிளிஞ்சலை வெள்ளி எனக் கொள்வது திரியக்கோடல். நிற்பது கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே கட்டையை மனிதன் எனத் துணிவது தேராது தெளிதல். கொடிய புலி எதிரே வருவதைக் கண்டும் அதை அறியாதிருப்பது கண்டுணராமை. இவரே உன் தாய் தந்தையர் எனப் பிறர் சொல்ல, அதை அவ்வாறே கருதிக்கொள்வது நினைப்பு.

இவ்வெட்டும் தருக்கவியலில் அறிபவரின் குறைகளாகவே பேசப்படுகின்றன. கிளிஞ்சலை வெள்ளி எனக் கொண்டவருக்கே நட்டம், கிளிஞ்சலுக்கு இழப்பில்லை. ஆனால் காணப்படுவது மற்றொரு மனிதராக இருக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. தவறாகக் கண்டவர் எவ்வகை இழப்புமின்றித் தம் வழியே செல்லலாம்; தவறாகக் காணப்பட்டவரின் வாழ்வு சிதையலாம். தருக்க நூல் நின்றுவிடும் இவ்விடத்திலிருந்தே சிறுகதை தன் வேலையைத் தொடங்குகிறது.

கண்டுணராமை: புலிக்கலைஞன்

அசோகமித்திரன் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றியவர். அச்சூழலின் நேரடி அறிவு ‘புலிக்கலைஞன்’ கதையில் விரவியுள்ளது. பட வேலை அதிகம் இல்லாத ஒரு காலத்தில், படப்பிடிப்பு நிறுவனம் ஒன்றின் கதை இலாகாவுக்கு ஒருவர் வேலை கேட்டு வருகிறார். பெயர் காதர். தாம் அறிந்த கலையை ‘டகர் பாயிட்’ எனக் குறிப்பிடுகிறார். புலிச்சண்டையையே அவர் சொல்கிறார் என்பது கேட்பவர்களுக்கு உடனே விளங்கவில்லை. உச்சரிப்பு முதல் தடையாகிறது. மெலிந்து நலிந்த தோற்றம் இரண்டாம் தடையாகிறது. கூட்டக் காட்சிகளில் நிற்கும் துணை நடிகர்களுள் மற்றும் ஒருவர் என்னும் வகைப்பாட்டுக்குள் அவர் அடைக்கப்பட்டுவிடுகிறார். இப்போது வாய்ப்பு இல்லை என்னும் வழக்கமான பதிலும் சொல்லப்படுகிறது.

இலாகாவினர் கொடியவர்களல்லர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. அவர்கள் பேச்சில் வெறுப்பில்லை. நாள்தோறும் வாய்ப்புத் தேடி வருவோரைக் கண்டு பழகிய கண்கள் அவை. பழக்கமே அவர்களிடம் முன்முடிவாக உறைந்துள்ளது. எதிரில் நிற்பவரைக் காணும்போது, இதற்கு முன் வந்துபோன அனைவரின் நிழலையும் சேர்த்தே அவர்கள் காண்கின்றனர்.

அப்போது காதர் புலித்தலையை அணிந்துகொண்டு அவ்வறைக்குள்ளேயே புலியாகிறார். அவருடைய பாய்ச்சலும் உறுமலும் அங்கிருந்தோரை உறையச் செய்கின்றன. மேசையும் நாற்காலிகளும் நிறைந்த ஓர் அலுவலகம் சில கணங்களுக்குக் காடாகிவிடுகிறது. அளவைவாதி காட்டிய எடுத்துக்காட்டு இங்கே வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது: எதிரே நின்ற புலியைக் கண்டும் அறியாதிருந்தவர்கள் இப்போது அறிகின்றனர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், அது தோற்றத்தைக் கண்டு மயங்கலாகாது என்னும் நீதிக்கதையாகியிருக்கும். அசோகமித்திரன் அங்கே நிறுத்தவில்லை. வித்தை முடிந்ததும் காதர் மீண்டும் பழைய ஏழையாகித் தம் வறுமையைச் சொல்லி இறைஞ்சுகிறார். இலாகாவினரின் பார்வை உண்மையாகவே மாறிவிட்டது. அவருக்காக முயலவும் செய்கின்றனர். பின்னர் அவருக்கு அனுப்பப்படும் கடிதம் உரியவரை அடையாமல் திரும்பி வந்துவிடுகிறது. தேடியும் அவர் கிடைக்கவில்லை. பார்வை திருந்திய நேரத்தில் பார்க்கப்பட வேண்டியவர் அங்கு இல்லை. முன்முடிவு நீங்குவது ஒன்று. அதனால் நேர்ந்த இழப்பு ஈடுசெய்யப்படுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கதையின் துயரம்.

திரியக்கோடல்: நாற்காலி

கரிசல் வட்டாரத்தின் இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ இச்சிக்கலை நகைச்சுவையாக அணுகுகிறது. ஒரு கிராமத்து வீட்டில் நாற்காலி இல்லை. விருந்தினராக வந்த அதிகாரி ஒருவர் முக்காலியில் அமர்ந்து விழுந்துவிட்டதால் நாற்காலி செய்ய முடிவாகிறது. வீட்டுக்கு ஒன்றும் மாமனார் வீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு செய்யப்படுகின்றன. புதிய நாற்காலி குடும்பத்தின் பெருமையாகிறது. யார் அமர்வது என்பதில் சிறுவர்களிடையே போட்டி எழுகிறது.

பின்னர் ஊரில் ஒருவர் இறந்தபோது, உடலை அமர்த்திவைக்க அந்நாற்காலி இரவலாகச் செல்கிறது. திரும்பி வந்ததும் அது கழுவித் தேய்க்கப்படுகிறது. ஆயினும் அதில் அமர எவருக்கும் துணிவில்லை. மரமும் கால்களும் கைப்பிடியும் முன்பிருந்தவாறே உள்ளன. போட்டியிட்டு ஏறி அமர்ந்த அதே சிறுவர்களின் கண்ணுக்கு அது பிணத்தின் இருக்கையாகத் தெரிகிறது. முன்பு அதை வெறும் மரமாகக் காணாமல் பெருமையாகக் கண்டார்கள்; இப்போது சாவாகக் காண்கிறார்கள். இரண்டுமே திரியக்கோடல்தான். விரும்பத்தக்க திரிபை எவரும் திரிபென உணர்வதில்லை என்னும் நுட்பம் இதில் அடங்கியுள்ளது.

கதையின் கூர்மை அடுத்த கட்டத்தில் வெளிப்படுகிறது. மறுபடியும் இறப்பு வீட்டுக்கு நாற்காலி கேட்டு ஆட்கள் வரும்போது, அவர்களை மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். தம் அச்சத்தை வெல்ல இயலாதவர்கள் அதன் சுமையை அடுத்த வீட்டுக்குக் கைமாற்றுகின்றனர். பொருளைப் பற்றிய கதையாதலால் வாசகர் சிரிக்க முடிகிறது. இந்நாற்காலியின் இடத்தில் ஒரு மனிதரை வைத்துப் பார்த்தால் அச்சிரிப்பு நின்றுவிடும். கணவனை இழந்த பெண்ணின் முகத்தில் விழிக்கலாகாது என்னும் வழக்கமும், இன்ன தொழில் செய்பவரைத் தொடலாகாது என்னும் வழக்கமும் இதே முறையில் இயங்குபவை. சாவுடனோ கழிவுடனோ ஏற்பட்ட ஒரு தொடர்பு எத்தனை முறை கழுவினாலும் போகாத கறையாக மனத்தில் நின்றுவிடுகிறது. கறை பொருளில் இல்லாததால் நீரால் அதை நீக்க இயலாது.

ஐயம்: சாப விமோசனம்

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943), கல்லாகச் சபிக்கப்பட்ட அகலிகை இராமனின் அடி பட்டு மீண்ட பிறகு என்ன நிகழ்ந்திருக்கும் என வினவுகிறது. புராணம் விமோசனத்துடன் முடித்துவிடும் இடத்தில் இக்கதை தொடங்குகிறது. கோதமன் அவளை ஏற்றுக்கொள்கிறான்; இருவரும் மீண்டும் இல்லறம் நடத்துகின்றனர். வெளிப்படையான பகை எதுவுமில்லை. ஆனால் அவளுடைய மனத்தில் ஐயம் குடியேறிவிடுகிறது. கோதமன் இயல்பாகச் சொல்லும் சொற்களிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என அவள் அஞ்சுகிறாள். தான் பேசும் சொற்களையும் பலமுறை புரட்டிப் பார்த்துக்கொள்கிறாள். ரிஷிபத்தினிகளின் விலகல் அவ்வச்சத்தை உறுதிசெய்கிறது. கோதமனுக்கும் பேசுவதே தயக்கத்துக்குரியதாகிவிடுகிறது.

முன்னைய இரு கதைகளில் முன்முடிவு காண்பவரிடம் இருந்தது. இங்கே அது காணப்படுபவரின் உள்ளே புகுந்துவிட்டது. ஊரார் தன்னை எவ்வாறு காண்பார்கள் என்பதை முன்கூட்டியே கற்பனை செய்து, அக்கண்களாலேயே அகலிகை தன்னையும் தன் கணவனையும் காண்கிறாள். இது தனிமனித மனநோய் அன்று. வெளியே உள்ள தீர்ப்பு உள்ளத்தில் படிந்ததன் விளைவு. அவளுடைய செவி தவறாகக் கேட்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டால், அச்செவியை அவ்வாறு பழக்கிய உலகம் பழியிலிருந்து தப்பிவிடும்.

கதையின் முடிவு இதை உறுதிசெய்கிறது. வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தான் தீப்புகுந்து தன்னை மெய்ப்பிக்க நேர்ந்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்டவனே தன் மனைவியிடம் சான்று கேட்டான் என்பதை அறிந்ததும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். அவளது ஐயம் வெறும் மனமயக்கமாக இருந்திருந்தால் அன்பால் ஆறியிருக்கக்கூடும். சீதையின் சொல் அவ்வையத்துக்கு உலகம் தந்த சான்றாகிவிட்டது. அச்சத்தால் திரிந்ததாகத் தோன்றிய பார்வை, உலகின் இயல்பைச் சரியாகவே கணித்திருந்தது என்னும் கசப்பான திருப்பம் இது. சார்புச் சிந்தனை பற்றிய உளவியல் விளக்கங்கள் மட்டும் இக்கதைக்குப் போதா என்பதை இத்திருப்பம் உணர்த்துகிறது.

தேராது தெளிதல்: இரு தாய்மார்கள்

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழையில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறி அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். செய்தியறிந்த தாய் முதலில் அலறி அவளை அடிக்கிறாள். அண்டை வீட்டார் குரல் கேட்டு வினவும்போது வேறு காரணம் சொல்லி மறைக்கிறாள். பிறகு மகளைக் குளிப்பாட்டி, நீரையே நெருப்பாகக் கருதச் சொல்லி, நீ தூய்மையாகிவிட்டாய் எனத் தேற்றுகிறாள். அகலிகையின் பெயரும் அவள் பேச்சில் எடுத்துக்காட்டாக வருகிறது.

இத்தாயிடம் இரண்டு பார்வைகள் அடுத்தடுத்துத் தொழிற்படுகின்றன. முதற்பார்வை சமூகத்துடையது; அது ஆராயாமலே மகளைக் குற்றவாளியாக்கி அடிக்கிறது. இரண்டாவது பார்வை அவள் தேர்ந்துகொண்டது. அண்டை வீட்டாரின் கேள்வியே இவ்விரண்டுக்கும் இடையிலான திருப்புமுனையாகிறது. வெளியுலகம் மகளை எவ்வாறு காணும் என்பதை அக்கணத்தில் உணரும் தாய், அப்பார்வையிலிருந்து மகளைக் காக்கத் துணிகிறாள். முன்முடிவிலிருந்து விடுபடுவது தானாக நிகழும் தெளிவு அன்று என்பதும், அது ஒருவர் மனமறிந்து செய்ய வேண்டிய செயல் என்பதும் இங்கே புலனாகின்றன.

ஆயினும் ஒரு வரம்பையும் சுட்ட வேண்டும். தாய் தீர்ப்பை மாற்றுகிறாள். தீர்ப்பு வழங்கும் சட்டத்தை மாற்றவில்லை. தீட்டு உண்டு, அது கழுவப்பட்டது என்பதே அவள் தரும் ஆறுதல். தீட்டே இல்லை என அவள் சொல்லவில்லை. அவள் காலத்தில் அவளுக்குக் கிடைத்த சொற்களைக் கொண்டே மகளைக் காக்க முடிந்தது என இதை விளங்கிக்கொள்ளலாம்.

அவ்வளவையும் ஏற்க மறுத்த வாசகர்கள் பலர் இருந்தனர். கதை பெரும் சர்ச்சையை எழுப்பியது. தாயின் மன்னிப்பை ஏற்காத உலகில் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகும் என்னும் வினாவை ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் விரித்தெழுதினார். அந்நாவல் 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அங்கே தாய் மகளைக் காக்க இயலாதவளாகிறாள். கங்கை வீட்டிலிருந்து வெளியேற்றப்படுகிறாள். கதைக்குள்ளிருந்த அண்டை வீட்டாரின் இடத்தில் கதைக்கு வெளியே வாசகர்கள் நின்றதை இவ்வரலாறு காட்டுகிறது. முன்முடிவு கதைமாந்தருக்கு மட்டும் உரியதன்று. வாசிப்பையும் அது திரிக்கவல்லது.

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் வரும் தாய் இதற்கு நேர்மாறானவள். பூப்படைந்து அஞ்சி நடுங்கும் கருநிறச் சிறுமி, ஊர் சென்ற தாயின் வருகைக்காகக் காத்திருக்கிறாள். அவள் மனத்தில் தாய் பேரழகும் பெருங்கருணையும் கொண்ட வடிவம். அம்மா வந்தால் எல்லாம் விளங்கிவிடும் என நம்புகிறாள். உறவுப்பெண் ஒருத்தியின் திருமண ஏற்பாடு, பெண் கருப்பு என்னும் காரணத்தால் முறிந்துபோன நிலையில் தாய் திரும்புகிறாள். மகள் பூப்படைந்த செய்தி அவளுக்கு ஒரு சுமையின் அறிவிப்பாகவே கேட்கிறது. எரிச்சலில் அவள் சொல்லும் சொற்கள் மகளுக்குள் எதையோ கொன்றுவிடுகின்றன.

இத்தாயும் மகளை நேசிப்பவளே. அன்று மாலை அவள் கண்ணில் படுவது மகள் அன்று. திருமணச் சந்தையில் விலை குறையப்போகும் ஒரு கருநிற உடல். தன்னுடையதல்லாத ஒரு பார்வையை வெளியூரிலிருந்து அவள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஜெயகாந்தனின் தாய் வாயிலில் தடுத்து நிறுத்திய அதே உலகம், இங்கே தாயின் நாவிலேயே ஏறி உள்ளே வந்துவிடுகிறது.

கதைசொல்லும் நிலையில் உள்ள வேறுபாடும் கருதத்தக்கது. ‘புலிக்கலைஞன்’, ‘நாற்காலி’ இரண்டும் காண்போர் தரப்பிலிருந்து சொல்லப்படுபவை. காதரின் மனத்துக்குள் வாசகருக்கு இடமில்லை. அம்பையின் கதையைச் சொல்பவள் காணப்பட்ட சிறுமி. திரிந்த பார்வை தன்மீது விழும் கணத்தை உள்ளிருந்து அவள் சொல்வதால், தாய்க்குச் சிறு எரிச்சலாக இருந்தது மகளுக்குக் கொலையாக இருந்தது என்னும் அளவு வேறுபாடு வாசகருக்குத் தெரியவருகிறது. யார் சொல்கிறார் என்பது மாறும்போது பிழையின் பரிமாணமும் மாறுகிறது.

நினைப்பு: நட்சத்திரக் குழந்தைகள்

முன்னரே கொண்ட நம்பிக்கை அனைத்தும் தீங்கானதா என்னும் வினா இங்கே எழும். அதற்கு விடையளிக்கும் கதை, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டில் 1905இல் பிறந்த பி. எஸ். ராமையாவின் ‘நட்சத்திரக் குழந்தைகள்’. மணிக்கொடி எழுத்தாளருள் ஒருவரான ராமையாவின் கதைகளுள் பெரிதும் பேசப்பட்டது இது. சிறுமி ரோஹிணி நட்சத்திரங்களைப் பற்றி ஓயாது கேட்கிறாள். மனிதர் ஓர் உண்மை சொல்லும்போதெல்லாம் ஒரு நட்சத்திரம் பிறக்கிறது எனத் தந்தை சொல்லிவைக்கிறார். பின்னொரு மாலையில் விண்ணிலிருந்து நட்சத்திரம் ஒன்று விழுவதைக் கண்ட சிறுமி விம்மி அழுகிறாள். யாரோ பொய் சொல்லிவிட்டார் என்பது அவள் முடிவு. கடவுளுக்கு எவ்வளவு துயரமாக இருக்கும் என்பது அவள் கவலை.

பிறர் சொல்ல அவ்வாறே கருதிக்கொள்வதாகிய ‘நினைப்பு’ என்னும் குற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. வானியல் நோக்கில் ரோஹிணி கண்டது முழுத் திரிபு. எரிகல்லை நட்சத்திரம் என்றும், அதன் வீழ்ச்சியைப் பொய்யின் விளைவு என்றும் அவள் கொள்கிறாள். ஆனால் அத்திரிபால் எவரும் தாழ்த்தப்படவில்லை. எவர் வாழ்வும் குறுகவில்லை. அதன் சுமை முழுவதையும் அவளே சுமக்கிறாள். அறிவியல் அறிந்த தந்தையின் சரியான பார்வைக்குப் புலப்படாத ஒன்று, அதாவது உலகில் சொல்லப்படும் பொய்யின் கனம், அவளுடைய தவறான பார்வைக்குப் புலப்பட்டுவிடுகிறது.

எனவே முன்முடிவுகளைச் சரி, தவறு என்னும் ஒற்றை அளவுகோலால் வகைப்படுத்துவது போதாது. ரோஹிணியின் பிழை, கதை இலாகாவினரின் பிழையைவிட அளவில் பெரியது. விளைவில் அது எவருக்கும் கேடற்றது.

ஒப்பீடு

‘புலிக்கலைஞன்’ கதையில் பிழை செய்தோர் அலுவலகத்தார், இழந்தவர் காதர். ‘நாற்காலி’யில் அச்சம் ஒரு வீட்டுடையது, சுமை மாமனார் வீட்டுக்குப் போகிறது. ‘சாப விமோசன’த்தில் தீர்ப்பு உலகினுடையது; கல்லாவது அகலிகை. ‘அக்னிப் பிரவேச’த்தில் கொடுமை செய்தவன் காரில் போய்விடுகிறான், அடிபடுபவள் மகள். அம்பையின் கதையில் நிறத்தைப் பழித்தவர்கள் வேறோர் ஊரில் இருக்கிறார்கள். மாய்வது ஒரு சிறுமியின் நம்பிக்கை. ‘நட்சத்திரக் குழந்தைகள்’ ஒன்றில் மட்டுமே பிழையும் அதன் வலியும் ஒருவரிடமே நிற்கின்றன.

முன்முடிவு ஏன் இவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதற்கும் இவ்வொப்பீட்டில் விடை உண்டு. தவறாகக் கண்டவரே இழப்பையும் அடைந்தால் அவர் விரைவில் கண்ணைத் திருத்திக்கொள்வார். கிளிஞ்சலை வெள்ளி என எண்ணி விலை கொடுத்தவர் மறுமுறை ஏமாறமாட்டார். இழப்பு பிறருக்கே நேரும்போது, திருத்திக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு எழுவதில்லை. எனவே முன்முடிவை வெறும் அறியாமை என விளக்குவது முழுமையாகாது. அது சமூகத்தில் யாருக்கு ஆற்றல் உள்ளது, யாருக்கு இல்லை என்னும் அமைப்புடன் பிணைந்தது.

இதற்கு ஒரு மறுப்பும் கூறப்படலாம். கதைமாந்தரின் பார்வை திரிந்தது எனச் சொல்வதற்கு, திரியாத மெய்ந்நிலை ஒன்று கதைக்குள் இருக்க வேண்டும். புனைவில் அத்தகைய நடுநிலை மெய்ந்நிலை எங்கே உள்ளது? இவ்வினா நியாயமானது. இக்கதைகளில் மெய்ந்நிலை ஆசிரியர் கூற்றாக அறிவிக்கப்படுவதில்லை. காதரின் பாய்ச்சலாக, கழுவப்பட்ட மரமாக, சீதையின் ஒரு சொல்லாக, மகளின் அச்சமாக அது மாந்தரின் பார்வையோடு வந்து மோதுகிறது. அம்மோதலில் எழும் உராய்வே வாசகருக்கு மெய்ந்நிலை கிடைக்கும் இடம்.

முடிவுரை

மணிமேகலையின் அளவைக் குற்றங்கள், நவீனத் தமிழ்ச் சிறுகதைகளில் மாந்தரின் பார்வைத் திரிபுகளை வகைப்படுத்தப் பெரிதும் பயன்படுவதை இவ்வாய்வு காட்டுகிறது. தருக்கவியல் அறிபவரோடு நிறுத்திக்கொண்ட ஆராய்ச்சியைச் சிறுகதை அறியப்படுபவர்வரை கொண்டுசெல்கிறது. ஆறு கதைகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, முன்முடிவு வெறுப்பின் வடிவில் மட்டுமன்றிப் பழக்கம், அச்சம், அன்பு ஆகியவற்றின் வடிவிலும் தொழிற்படுகிறது. இரண்டாவது, பார்வை திருந்துவதால் மட்டும் நேர்ந்த இழப்பு ஈடாவதில்லை. காதரின் கடிதம் திரும்பி வந்துவிடுகிறது, அகலிகை மீண்டும் கல்லாகிறாள். மூன்றாவது, கதைசொல்லி காண்பவரா, காணப்படுபவரா என்பதைப் பொறுத்தே பிழையின் உண்மையான அளவு வாசகருக்குப் புலப்படுகிறது.

காணப்படுபவரே கதைசொல்லியாக அமைந்த தமிழ்ச் சிறுகதைகளை, குறிப்பாகக் கடந்த நாற்பதாண்டுகளில் பெண்களும் தலித் எழுத்தாளர்களும் எழுதியவற்றை, இச்சட்டகத்தில் வைத்து விரிவாக ஆராய்வதற்கு இடமுள்ளது. தவறாகக் காணப்பட்டவர்கள் தாமே பேசத் தொடங்கிய பிறகு, பிழைக்கான விலை யாரால் செலுத்தப்பட்டது என்பதை மறைப்பது கடினம்.